ஏழு மணி நேரம் அணையாத வெடிப்பு: ஜி.ஆர்.பி. 111209ஏ-வின் கணக்கு வழக்கு

2011 டிசம்பர் 9, இந்திய நேரப்படி பகல் 12.42. ஸ்விஃப்ட் விண்கலத்தின் காமாக் கதிர்க் கருவி தென்வானில், ஃபீனிக்ஸ் விண்மீன் குழுப் பக்கம், ஒரு வெடிப்பைப் பிடித்தது. அந்தத் தேதியின் முதல் வெடிப்பு என்பதால் வழக்கம்போல ஜி.ஆர்.பி. 111209ஏ என்று பெயர் வைத்தார்கள் (ஜி.ஆர்.பி. என்பது காமாக் கதிர் வெடிப்பின் ஆங்கிலச் சுருக்கம்). வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று ஸ்விஃப்ட் இப்படிப் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் பெயர் வைத்ததோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே இடத்திலிருந்து அதே கருவிக்கு இரண்டாவது எச்சரிக்கை வந்தது. முதல் வெடிப்பு இன்னும் ஓயவில்லை.

காமாக் கதிர் வெடிப்புகளை இரண்டு விநாடிக்குக் குறைந்தவை, கூடியவை என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். கூடியவை என்றாலும் பெரும்பாலானவை ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். இதுவோ மணிக்கணக்கில் எரிந்தது. எரிய வைத்தது எது என்ற கேள்விக்கு இன்று பலர் சொல்லும் பதில் மேக்னடார்: பிறந்த கணத்தில் அசுர வேகத்தில் சுழலும், மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட ஒரு நியூட்ரான் விண்மீன் (செத்துப்போன கனமான விண்மீனின் நசுங்கிய மையம்). அந்தப் பதிலுக்கு ஆதாரம் எந்த அளவுக்கு இருக்கிறது, எந்த இடத்தில் இடிக்கிறது என்பதைத்தான் இங்கே எண்களோடு பார்க்கப் போகிறோம். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வழக்கின் முக்கியச் சாட்சி காமாக் கதிர்கள் கிடையாது. மூன்று வாரம் கழித்து, வெடிப்பின் வெளிச்சம் மங்கிய பிறகு தெரிந்த இன்னொரு வெளிச்சம்தான்.

எவ்வளவு நேரம் எரிந்தது?

இந்தக் கேள்விக்கு ஸ்விஃப்டால் மட்டும் பதில் சொல்ல முடியாது. அது பூமிக்கு மிக அருகில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் வானத்தின் ஒரு பகுதியைப் பூமியே மறைத்துவிடும். நல்லவேளையாக, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியப் பக்கம் நிற்கும் விண்ட் விண்கலத்தில் கோனஸ் என்ற ரஷ்யக் கருவி இருந்தது. அங்கே பூமி குறுக்கே வராது. எந்த நேரமும் முழு வானமும் அதன் கண்ணில்தான்.

கோனஸ் பதிவுகளைப் புரட்டினால், ஸ்விஃப்ட் விழித்துக்கொள்வதற்கு ஏறத்தாழ 5,400 விநாடிகள் முன்பே, அதாவது ஒன்றரை மணி நேரம் முன்பே, வெடிப்பு தொடங்கியிருக்கிறது. ஸ்விஃப்ட் பார்த்தது பாதிப் படத்திலிருந்துதான். மொத்தத்தில் காமாக் கதிர்கள் மட்டும் 10,000 விநாடிகளுக்கு மேல் வந்துள்ளன. எக்ஸ் கதிர்களையும் சேர்த்துப் பார்த்த ப்ரூஸ் ஜாந்த்ரின் குழு, உள்ளே இருந்த இயந்திரம் சுமார் 25,000 விநாடிகள் இயங்கியிருக்க வேண்டும் என்று 2013-இல் கணக்கிட்டது. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். அதன் பிறகு எக்ஸ் கதிர் வெளிச்சம் செங்குத்தாகச் சரிந்தது. இயந்திரம் நின்றதன் அடையாளம் அது.

இது நம் கடிகாரக் கணக்கு. சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் எக்ஸ்-ஷூட்டர் நிறமாலைமானி அந்த வெடிப்பின் செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு, 0.677 என்று அளந்தது. ஒளி புறப்பட்டு 600 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வழியில் பிரபஞ்சம் விரிந்ததால் நேரமும் 1.677 மடங்கு நீண்டுவிட்டது. வகுத்துப் பார்த்தால், அந்த இடத்துக் கடிகாரத்தில் இயந்திரம் ஓடியது ஏறத்தாழ 15,000 விநாடிகள், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த 15,000-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு எண்ணும் வேண்டும். எல்லாத் திசையிலும் சமமாகப் பாய்ந்ததாகக் கொண்டால் காமாக் கதிர்களின் ஆற்றல் 5.7 × 10⁵³ எர்க் (எர்க் என்பது ஆற்றலின் ஒரு சிறிய அலகு). சூரியனின் நிறையில் மூன்றில் ஒரு பங்கை அப்படியே ஆற்றலாக மாற்றினால் கிடைக்கும் தொகை இது. உண்மையில் எல்லாத் திசையிலும் பாயவில்லை, குறுகிய தாரையாகத்தான் பாய்ந்தது என்று எல்லோரும் ஏற்கிறார்கள். எவ்வளவு குறுகிய தாரை என்பதில்தான் பின்னால் சண்டை வரும்.

சந்தேகப்பட்டவர்கள்

வழக்கமான நீண்ட வெடிப்புக்கு ஒரு கதை தயாராக இருக்கிறது. ஸ்டான் வூஸ்லி 1993-இல் முன்வைத்தது அது: ஹைட்ரஜன் போர்வையை இழந்த ஒரு கனமான விண்மீனின் மையம் கருந்துளையாகச் சரிகிறது, மிச்சப் பொருள் சுழன்றுகொண்டே அதற்குள் விழுகிறது, விழும்போது இரு துருவங்கள் வழியாகவும் தாரை பாய்கிறது. 1998-இல் ஜி.ஆர்.பி. 980425-உடன் எஸ்.என். 1998பி.டபிள்யூ என்ற சூப்பர்நோவா, அதாவது ஒரு விண்மீனின் சாவு வெடிப்பு, சேர்ந்தே தெரிந்தது. 2003-இல் ஜி.ஆர்.பி. 030329 அதை ஐயமில்லாமல் உறுதிப்படுத்தியது. நீண்ட வெடிப்புக்கும் விண்மீன் சாவுக்கும் உள்ள தொடர்பு அத்தோடு முடிவாகிவிட்டது.

ஆனால் போர்வை இழந்த விண்மீன் உருவத்தில் சிறியது. அதன் பொருள் விழுந்து முடிக்க மணிக்கணக்கு ஆகாது. அதனால் 111209ஏ-வுக்கு முதலில் சொன்ன விளக்கம் நீலப் பெருவிண்மீன். சூரியனைவிடப் பல பத்து மடங்கு அகன்ற உடல், அதன் வெளி அடுக்குகள் மையத்துக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். இயந்திரத்துக்கு அவ்வளவு நேரமும் தீனி கிடைக்கும். இரண்டாவது விளக்கம், ஒரு வெண்குறளி விண்மீனை (எரிந்து முடிந்த விண்மீனின் சிறிய எச்சம்) நடுத்தர அளவுள்ள கருந்துளை பிய்த்துத் தின்றது என்பது. மூன்றாவது மேக்னடார்.

அந்தக் காலத்தில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. 2010 கிறிஸ்துமஸ் அன்று இதே மாதிரி நீண்டு எரிந்த இன்னொரு வெடிப்பு உண்டு, ஜி.ஆர்.பி. 101225ஏ. அதைப் பற்றி 2011 டிசம்பர் 1-ஆம் தேதி நேச்சர் இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று, நம் பால்வீதியிலேயே ஒரு நியூட்ரான் விண்மீன் மேல் வால்மீன் மாதிரியான சிறு பொருள் விழுந்தது என்றது. மற்றது, தொலைதூரத்தில் ஒரு ஹீலியம் விண்மீனும் நியூட்ரான் விண்மீனும் கலந்தன என்றது. ஒரே நிகழ்வுக்கு, ஒரே இதழில், பக்கத்து வீட்டுக் கதையும் பிரபஞ்சத்தின் அடுத்த கோடிக் கதையும். பின்னர் செம்பெயர்ச்சி 0.847 என்று தெரிந்ததும் வால்மீன் கதை அடிபட்டுப் போனது. சரியாக அந்தக் குழப்பம் நடந்துகொண்டிருந்த வாரத்தில்தான் 111209ஏ வந்து சேர்ந்தது.

மூன்று வாரம் கழித்து வந்த சாட்சி

சிலியின் லா சில்லாவில் 2.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் கிராண்ட் என்ற கருவி பொருத்தப்பட்டிருந்தது. ஏழு நிறங்களில் ஒரே நேரத்தில் படம் எடுக்கும். மேக்ஸ் ப்ளாங்க் நிறுவனத்தின் யோகன் கிரைனரும் கூட்டாளிகளும் அதை வைத்து வெடிப்பின் பின்னொளி (வெடிப்பு ஓய்ந்த பிறகும் மிஞ்சும் வெளிச்சம்) மங்குவதை நாள் தவறாமல் என்று சொல்லுமளவுக்குப் பின்தொடர்ந்தார்கள். பின்னொளி மங்குவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கில் வந்துகொண்டிருந்த கோடு இரண்டு வாரம் தாண்டியதும் சரிய மறுத்து ஒரு மேடு கட்டியது. பின்னொளியின் பங்கையும் தாய் விண்மீன் மண்டலத்தின் பங்கையும் கழித்தால் மிஞ்சியது ஒரு சூப்பர்நோவா. எஸ்.என். 2011கே.எல். என்று பெயர்.

டிசம்பர் 29 அன்று, உச்சத்துக்குச் சற்று முன்னால், எக்ஸ்-ஷூட்டர் அதன் நிறமாலையையும் எடுத்தது. இதெல்லாம் கணக்குப் பார்த்து முடிந்து 2015 ஜூலையில்தான் நேச்சரில் வெளியானது. மூன்றரை ஆண்டு தாமதம் ஏனென்றால், கழித்தல் கணக்கு எளிதில்லை. பின்னொளிக் கோடு எந்தச் சரிவில் போகிறது என்பதில் சிறு பிழை வந்தாலும் மேட்டின் உயரம் மாறிவிடும்.

கிடைத்த எண்கள் இவை. சூப்பர்நோவா தன் கடிகாரத்தில் சுமார் 14 நாளில் உச்சம் தொட்டது. உச்ச ஒளிர்வு விநாடிக்கு 2.8 × 10⁴³ எர்க். காமாக் கதிர் வெடிப்போடு வரும் மற்ற சூப்பர்நோவாக்களைப்போல மூன்று மடங்கு. நிறம் நீலம். நிறமாலையில் ஹைட்ரஜன் இல்லை, ஹீலியமும் தெரியவில்லை. ஏறுவதும் இறங்குவதும் வேகமாக நடந்ததால், வீசியெறியப்பட்ட பொருள் இரண்டு மூன்று சூரிய நிறைதான் என்று கணக்கு சொன்னது.

இதிலேயே நீலப் பெருவிண்மீன் அடிபடுகிறது. அதன் ஹைட்ரஜன் போர்வை எங்கே போனது என்ற கேள்விக்கு அந்தத் தரப்பிடம் நல்ல பதில் இல்லை. வெண்குறளிக் கதைக்கும் இவ்வளவு பிரகாசமான சூப்பர்நோவா மேட்டைக் காட்டுவது கடினம்.

நிக்கல் போதுமா?

ஹைட்ரஜன் இல்லாத சூப்பர்நோவா ஒளிர்வது பெரும்பாலும் நிக்கல்-56-ஆல். அது கோபால்ட்டாகி, கோபால்ட் இரும்பாகும்போது வெளிவரும் ஆற்றல்தான் வெளிச்சம். ஒரு சூரிய நிறை நிக்கல் இருந்தால், 14-ஆம் நாளில் எவ்வளவு தரும்? நிக்கலின் சராசரி ஆயுள் 8.8 நாள். அதன் பங்கு அன்றைக்கு விநாடிக்கு 1.3 × 10⁴³ எர்க். கோபால்ட்டின் சராசரி ஆயுள் 111 நாள். அதன் பங்கும் ஏறத்தாழ அவ்வளவே. கூட்டினால் 2.6 × 10⁴³. சூப்பர்நோவா உச்சத்தில் இருக்கும்போது உள்ளே ஊறும் ஆற்றலும் வெளியே போகும் ஒளியும் ஏறத்தாழ சமம் என்பது டேவிட் ஆர்னெட் காட்டிய பழைய விதி. ஆகவே 2.8 × 10⁴³ எர்க் ஒளிர்வுக்குக் கிட்டத்தட்ட 1.1 சூரிய நிறை நிக்கல் வேண்டும்.

வீசப்பட்ட மொத்தப் பொருளே இரண்டரை சூரிய நிறை. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிக்கலாகவே இருந்திருக்க வேண்டும் என்றாகிறது. கேள்விப்படாத விகிதம். வாதத்துக்கு ஒப்புக்கொண்டாலும் நிறமாலை விடாது. நிக்கல், கோபால்ட், இரும்பு மூன்றுக்கும் புற ஊதாப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு எண்ணற்ற உறிஞ்சு கோடுகள் உண்டு. அவ்வளவு இரும்பு இனப் பொருள் இருந்தால் நீல ஒளியைத் திரை போட்டு மூடி, சூப்பர்நோவா சிவந்து தெரியும். 2011கே.எல். நீலமாக, புற ஊதா ஓரம் வரை பளிச்சென்று இருந்தது. மற்ற வெடிப்புச் சூப்பர்நோவாக்களின் நிறமாலை பக்கத்தில் வைத்தால் ஒட்டவே இல்லை. மீஒளிர் சூப்பர்நோவா என்ற வேறொரு வகையோடுதான் அது ஓரளவு ஒத்துப்போனது. அந்த வகைக்கு மேக்னடாரே காரணம் என்று டேனியல் கேசனும் லார்ஸ் பில்ட்ஸ்டெனும், தனியாக வூஸ்லியும் 2010-இலேயே சொல்லியிருந்தார்கள். வழக்கு மேக்னடார் பக்கம் திரும்பியது இந்த இடத்தில்தான். காமாக் கதிர்கள் நீண்டு எரிந்ததால் மட்டும் திரும்பவில்லை.

காந்தம் தருவது என்ன?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம். மேக்னடார் என்றதும் காந்தப்புலம்தான் ஆற்றல் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது. மேற்பரப்பில் 7.5 × 10¹⁴ காஸ் காந்தப்புலம் கொண்ட, 10 கிலோமீட்டர் ஆரமுள்ள நியூட்ரான் விண்மீனைச் சுற்றி அந்தப் புலத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 5 × 10⁴⁶ எர்க். மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியின் புலம் 15,000 காஸ், சாதாரணப் பல்சாரின் (துடிப்பாகத் தெரியும் சுழலும் நியூட்ரான் விண்மீன்) புலம் 10¹² காஸ் என்பதோடு ஒப்பிட்டால் அது பயங்கரமான காந்தம்தான். ஆனாலும் நம் வெடிப்பின் தேவைக்கு முன்னால் அந்த 10⁴⁶ வெறும் சில்லறை.

அந்தச் சில்லறையை மட்டும் செலவழிக்கும் மேக்னடார்களும் உண்டு. 2004 டிசம்பர் 27 அன்று நம் பால்வீதியில் உள்ள எஸ்.ஜி.ஆர். 1806-20 ஒரு பெருஞ்சுடரில் ஏறத்தாழ 10⁴⁶ எர்க் வீசியது. முதல் கீற்று ஒரு விநாடிக்கும் குறைவு. மேலோடு விரிசல் விட்டு, முறுக்கேறிய காந்தப்புலம் தளர்ந்ததன் விளைவு என்று விளக்குகிறார்கள். 2020 ஏப்ரல் 15 அன்று பக்கத்து விண்மீன் மண்டலமான என்.ஜி.சி. 253-இலிருந்து அதே மாதிரி ஒன்று வந்து, குறுகிய காமாக் கதிர் வெடிப்பு வேடத்தில் கருவிகளை ஏமாற்றப் பார்த்தது. அதெல்லாம் வயதான மேக்னடார்களின் திடீர்க் கோபம். நம் வழக்கில் வருவது பிறந்த குழந்தை. அதன் சொத்து சுழற்சி.

ஒரு விநாடிக்கு ஆயிரம் முறை சுழலும் நியூட்ரான் விண்மீனிடம் 2 × 10⁵² எர்க் சுழற்சி ஆற்றல் இருக்கும். சுழற்சி நேரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கில் ஒன்றாகும். இந்தச் சொத்தை வெளியே எடுத்துத் தருவதுதான் காந்தத்தின் வேலை. சைக்கிள் சக்கரத்தில் டைனமோவைச் சாய்த்துவிட்டால் விளக்கு எரியும், மிதிப்பது கனக்கும். காந்தப்புலமும் அப்படித்தான்: சுழற்சியைக் கதிர்வீச்சாகவும் துகள் காற்றாகவும் மாற்றும், மாற்றும்போதே சுழற்சிக்குத் தடை போடும். புலம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு சீக்கிரம் சொத்து கரையும்.

இந்த யோசனை பழையது. விளாடிமிர் உசோவ் ஒரு பக்கம், ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்சனும் இன்னொரு பக்கம், எல்லோரும் 1992-இல் காமாக் கதிர் வெடிப்புக்கு இதை முன்வைத்தார்கள். அப்போது மேக்னடார் என்று ஒன்று வானத்தில் இருப்பதே உறுதியாகவில்லை. கிரிசா கவ்விலியோட்டுவின் குழு எஸ்.ஜி.ஆர். 1806-20 சுமார் 7.5 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றி, வேகமாகத் தளர்ந்து வருவதை அளந்து காட்டியது 1998-இல்தான்.

12 மில்லி விநாடிக் கணக்கு

கிரைனர் குழு சூப்பர்நோவாவின் ஒளிக் கோட்டுக்கு மேக்னடாரைப் பொருத்திப் பார்த்தது. சுழற்சி நேரம் சுமார் 12 மில்லி விநாடி, புலம் 6 முதல் 9 × 10¹⁴ காஸ், வீசிய பொருள் 2.4 சூரிய நிறை என்றால் கச்சிதமாகப் பொருந்துகிறது என்றது. சரிதானா என்று ஒரு தாளில் நாமே பார்த்துவிடலாம்.

12 மில்லி விநாடி என்றால் மொத்தச் சுழற்சி ஆற்றல் சுமார் 1.3 × 10⁵⁰ எர்க். 7.5 × 10¹⁴ காஸ் புலம் அதைக் கரைக்க எடுக்கும் நேரம், கேசனும் பில்ட்ஸ்டெனும் கொடுத்த சூத்திரப்படி, 12 நாளுக்குச் சற்று மேல். முதலில் விநாடிக்கு 1.2 × 10⁴⁴ எர்க் என்று தொடங்கி, நாள் ஆக ஆகக் குறையும். 14-ஆம் நாளில் நான்கரையில் ஒன்றாக, அதாவது 2.8 × 10⁴³ எர்க்காக நிற்கும். அளந்த உச்சம் அதேதான். கைக் கணக்கிலேயே இப்படி உட்காருவதைப் பார்க்க மனசுக்கு இதமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும்: இரண்டு எண்களை நம் இஷ்டத்துக்கு மாற்ற விட்டால் ஒரு மேட்டைப் பொருத்துவது பெரிய சாதனை இல்லை.

இப்போது வெடிப்புப் பக்கம் வாருங்கள். காமாக் கதிர்களில் மட்டும் 5.7 × 10⁵³ எர்க் தேவை, தாரையாகச் சுருக்கினால் குறையும். கையிருப்பு 1.3 × 10⁵⁰. ஒரு காசுகூட வீணாகாமல் முழுவதையும் தாரைக்கே கொடுத்தாலும், தாரையின் அரைக்கோணம் 1.2 பாகையாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். வழக்கமான தாரைகளின் அரைக்கோணம் ஐந்து, பத்து பாகை. பத்து பாகை என்று வைத்தால் தேவை 9 × 10⁵¹ எர்க். கையிருப்பைப்போல அறுபது மடங்குக்கு மேல். தாரைக்கே எல்லாம் போய்விட்டால் சூப்பர்நோவாவுக்கு எதைக் கொடுப்பது? அப்புறம் இன்னொன்று. 12 நாளில் கரையும் சொத்து, நான்கு மணி நேரம் ஓடிச் சட்டென்று நின்ற இயந்திரத்துக்கு எப்படிப் பொருந்தும்?

என் பார்வையில் 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பலவீனம் இதுதான். அதன் மேக்னடார் சூப்பர்நோவாவுக்கு விளக்குப் போடுகிறது. வெடிப்புக்குப் பணம் கட்ட அதனிடம் காசில்லை.

ஒளிக் கோடு மறந்துபோகும் விஷயம்

அதே 2015-இல் பிரையன் மெட்ஸ்கரும் கூட்டாளிகளும் வேறு எண்களைக் கொடுத்தார்கள். தொடக்கச் சுழற்சி 2 மில்லி விநாடி, கரையும் நேரம் சுமார் 10,000 விநாடி. இதையும் தாளில் போடலாம். 2 மில்லி விநாடி என்றால் கையிருப்பு 5 × 10⁵¹ எர்க். முழுவதும் தாரைக்குப் போனால் ஏழரை பாகை வரை கட்டுப்படியாகும். பாதி போனாலும் ஐந்து பாகைக்கு மேல். வழக்கமான அகலத்துக்கு வந்துவிட்டோம். கரையும் நேரம் 10,000 விநாடி. இயந்திரம் ஓடியதாக முன்னால் கண்டது 15,000 விநாடி. கிட்டத்தில்தான் இருக்கிறது.

சரி, சொத்தெல்லாம் மூன்று மணி நேரத்தில் கரைந்துவிட்டால் 14-ஆம் நாள் சூப்பர்நோவாவுக்கு என்ன மிஞ்சும்? வியப்பு இங்கேதான். மேக்னடாரின் ஆற்றல் வரத்து சட்டென்று பூஜ்யமாவதில்லை. காலத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் வால் நீட்டிக் குறைகிறது. 14-ஆம் நாளுக்கு வாலைக் கணக்கிட்டால் 3.4 × 10⁴³ எர்க் வருகிறது. அளந்தது 2.8. மதிப்பீட்டுக் கணக்கில் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

ஆறு மடங்கு வேகமாகச் சுழன்று பிறந்த விண்மீன், நாற்பது மடங்கு அதிகச் சொத்தோடு வந்த விண்மீன், எப்படி அதே மேட்டைத் தரும்? சூத்திரத்தைப் பிரித்தால் காரணம் தெரியும். கரையும் நேரம் கடந்த பிறகு வாலின் உயரத்தைத் தீர்மானிப்பது தொடக்க ஆற்றலையும் கரையும் நேரத்தையும் பெருக்கிய தொகை. முன்னது சுழற்சி நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம், பின்னது அதே வர்க்கத்துக்கு நேர் விகிதம். பெருக்கினால் சுழற்சி நேரம் அடிபட்டு, புலம் மட்டும் நிற்கிறது. அதாவது எப்படிப் பிறந்தோம் என்பதை மேக்னடார் சீக்கிரமே மறந்துவிடுகிறது. சூப்பர்நோவா மேடு காந்தத்தின் வலிமையை அளந்து சொல்லும். பிறப்பு வேகத்தைப் பற்றிக் கேட்டால் மழுப்பும். அந்த எண்ணை வெடிப்பின் ஆற்றலிலிருந்தும் நீளத்திலிருந்தும்தான் எடுக்க வேண்டும். 12-ஐயும் 2-ஐயும் ஒன்றோடொன்று மோதும் இரண்டு அளவீடுகளாகப் பார்ப்பது தவறு. முதலாவது, மேட்டை மட்டும் கேட்டு வாங்கிய பதில். இரண்டாவது, மேட்டையும் வெடிப்பையும் சேர்த்துக் கேட்டது.

நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். அதற்குத் துணையாக இன்னொரு தடயமும் உண்டு. 2 மில்லி விநாடி மேக்னடார் தாரைக்குக் கொடுத்தது போக மிச்சத்தை வீசப்பட்ட பொருளுக்குள் தள்ளி அதை வேகப்படுத்த வேண்டும். கிரைனர் குழு பொருத்தத்தில் கிடைத்த இயக்க ஆற்றல், பெரிய பிழை எல்லையோடு, 5 × 10⁵¹ எர்க் அளவில்தான் இருக்கிறது. ஆனால் பிழை எல்லை பெரிது என்பதால் இதைத் தனிச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றத் துணிய மாட்டேன்.

எதிர்த்தரப்பு

கருந்துளைத் தரப்பு சும்மா இருக்கவில்லை. வெடித்துச் சிதறிய பொருளில் ஒரு பகுதி தப்ப முடியாமல் திரும்பி விழுந்துகொண்டே இருக்கும். அந்த வரத்து காலத்தின் மூன்றில் ஐந்து (5/3) அடுக்குக்கு எதிராக, அதாவது 1.67 அடுக்கு எதிர் விகிதத்தில் குறையும். மேக்னடார் வால் 2 அடுக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். திரும்பி விழும் பொருளை வைத்தே 111209ஏ-வையும் 2011கே.எல்.-ஐயும் விளக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதைத் தவறு என்று தள்ளிவிட இன்றுள்ள தரவில் எதுவும் இல்லை. இவ்வளவு பொருள் எப்படித் திரும்பி விழுந்தது, அதே நேரத்தில் சூப்பர்நோவா எப்படி இவ்வளவு வலுவாக வெடித்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் அந்தத் தரப்புக்கு இருக்கிறது.

மேக்னடார் தரப்பின் பொதுவான வாதம் ஒன்று எனக்கு வலுவாகப் படுகிறது. 2014-இல் பாவ்லோ மட்சாலியும் கூட்டாளிகளும் காமாக் கதிர் வெடிப்போடு வந்த சூப்பர்நோவாக்களின் இயக்க ஆற்றலை வரிசையாகப் பார்த்தார்கள். எல்லாம் 1, 2 × 10⁵² எர்க் பக்கத்தில் வந்து நிற்கின்றன, அதைத் தாண்டுவதில்லை. ஒரு மில்லி விநாடி நியூட்ரான் விண்மீனின் கையிருப்பும் அதேதான் என்று மேலே பார்த்தோம். அதைவிட வேகமாகச் சுழன்றால் விண்மீனே பிய்ந்துபோகும் எல்லை நெருங்கிவிடும். கருந்துளைக்கு அப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. வரம்பு தெரிகிறது என்றால் வரம்புள்ள இயந்திரத்தைச் சந்தேகிப்பது நியாயம்.

வேறு வெடிப்புகளிலும் இதே வாடை அடிக்கிறது. ஜி.ஆர்.பி. 070110-இல் எக்ஸ் கதிர் வெளிச்சம் மணிக்கணக்கில் சமதரையாக நின்று, பிறகு ஒரே வீழ்ச்சியாக விழுந்தது. தன் எடையைச் சுழற்சியால் மட்டும் தாங்கிக்கொண்டிருந்த நியூட்ரான் விண்மீன், சுழற்சி தளர்ந்ததும் கருந்துளையாகிவிட்டது என்று ஒரு விளக்கம். இருக்கலாம்.

111209ஏ பின்னாளில் நீளத்தில் முதலிடத்தையும் இழந்துவிட்டது. 2025 ஜூலை 2 அன்று வந்த ஜி.ஆர்.பி. 250702பி அதைத் தாண்டியது. அதன் காரணம் பற்றி இப்போதே பல கதைகள் ஓடுகின்றன, அதில் பெரும்பாலானவற்றில் விண்மீனைப் பிய்க்கும் கருந்துளைதான் நாயகன். ஆக, மிக நீண்ட வெடிப்புகள் அத்தனைக்கும் ஒரே இயந்திரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எஸ்.என். 2011கே.எல்.-இன் மையத்தில் உண்மையிலேயே மேக்னடார் பிறந்திருந்தால் அது பின்னாளில் என்ன ஆகும் என்பதையும் அதே சூத்திரம் சொல்கிறது. புலம் குறையாமல் இருந்தால், 12 மில்லி விநாடியில் தொடங்கியது ஆயிரம் ஆண்டு கழித்து 2 விநாடிக்கு ஒரு சுற்று என்று தளர்ந்திருக்கும். 2 மில்லி விநாடியில் தொடங்கியது மூன்றரை விநாடிக்கு வந்திருக்கும். நம் பால்வீதியில் இதுவரை கண்ட மேக்னடார்களில் பெரும்பாலானவை 2 முதல் 12 விநாடிக்குள்தான் சுழல்கின்றன. அவற்றைப் பார்த்து, நீ பிறக்கும்போது எத்தனை மில்லி விநாடி என்று கேட்டால் அவையும் சொல்லாது.

வழக்கைத் தீர்க்க என்ன வேண்டும்? வால்தான் வேண்டும். 30-ஆம் நாளிலிருந்து 300-ஆம் நாளுக்குள் மேக்னடாரின் வரத்து 100 மடங்கு குறையும். திரும்பி விழும் பொருளின் வரத்து 46 மடங்குதான் குறையும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம், ஆனால் செம்பெயர்ச்சி 0.677-இல் முடியாது. அந்தத் தொலைவில் அவ்வளவு மங்கிய ஒளி தாய் மண்டலத்தின் வெளிச்சத்தில் கரைந்துவிடும். பக்கத்தில், எஸ்.என். 1998பி.டபிள்யூ இருந்த 12 கோடி ஒளியாண்டு அளவில், இதே மாதிரி ஒரு நீண்ட வெடிப்பு நேர வேண்டும். நேர்ந்தாலும் காட்சியொளியை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். இரண்டரை சூரிய நிறைப் பொருள் ஓராண்டில் மெலிந்து, உள்ளிருந்து வரும் கடுங்கதிர்கள் பிடிபடாமல் வெளியே நழுவத் தொடங்கும். வால் உண்மையில் இருப்பதைவிட வேகமாகச் சரிவதாகத் தோன்றும். அதனால் அந்த ஆண்டு முழுவதும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஒன்று அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து அளக்க வேண்டும். 2024-இல் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் புரோப், எஸ்.வி.ஓ.எம். விண்கலங்கள் இரண்டும் இந்த மாதிரி மெதுவாக எரியும் வெடிப்புகளைப் பிடிக்க ஸ்விஃப்டைவிடத் தோதானவை. அகன்ற எக்ஸ் கதிர்ப் பார்வை இருப்பதால், பாதிப் படத்தில் விழித்துக்கொள்ளும் தொல்லை அவற்றுக்குக் குறைவு.